இரண்டாம் பக்கத்தில் காணாமற்போன குரல்

1

நான் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் குடியேறி நாற்பது ஆண்டுகள் நிறைந்த அதே வாரத்தில், அம்பத்தூரில் இருக்கும் என் நெடுநாள் நண்பன் கன்னியப்பன் ஒரு திருடன் என்ற முடிவுக்கு வந்தேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் நாற்பது ஆண்டு அயல்வாழ்வு ஒருவனை எப்படிப்பட்ட மனிதனாக ஆக்கிவைக்கிறது என்று ஊரில் கேட்போருக்கு, இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐயுறுவது என் தொழில். இளமையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு சிறு ஆலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். கடைந்து வரும் உருளைகளை அளந்து, மயிரிழை மிகுந்தாலும் சிவப்பு மை தடவி ஒதுக்கிவிடுவேன். கன்னியப்பன் அங்கே லேத் ஓட்டினான். என் சிவப்பு மையில் பாதி அவன் கடைந்த உருளைகளுக்கே செலவாயிற்று. நெற்றி நிறையத் திருநீறு அணிந்து போவதால் ஆலையில் எல்லோருக்கும் நான் ‘சாமி’. “சாமி இன்னிக்கி இன்னா பதிகம் பாடிகினு வந்துதோ, ஒரு பீசும் பாஸாவல” என்று கன்னியப்பன் என் காதுபடவே சொல்வான். பின்னர் ராட்டர்டாமில் ஒரு பம்பு ஆலையிலும் எனக்கு அதே வேலைதான். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, குணத்திலிருந்து கிடைக்கவில்லை.

அயல்நாடு அந்தக் குணத்துக்கு நல்ல எருவிடும். குளிர்காலத்தில் மூன்று மாதம் அம்பத்தூர் வீட்டில் வந்து தங்குகிறேன். எத்தனை நாள் வெளியே இருந்தேன் என்று ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கும் சான்று தர வேண்டும். அந்தப் படிவம் முதன்முறை வந்தபோது, என் பெயரை அடிப்பதற்காகவே அங்கே ஒருவர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று எண்ணினேன். இன்றும் அந்த எண்ணம் முழுதாக அகலவில்லை. மொழியும் என்னை நம்புவதில்லை. டச்சு மொழியிலும் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உண்டு. சென்ற ஆண்டு மருத்துவரை ‘நீ’ என்று விளித்துவிட்டு, அவர் வாயிலில் படுத்திருந்த நாயிடம், “தாங்கள் சற்று வழிவிட வேண்டும்” என்று கேட்டுக்கொண்டேன். நாய் எழுந்து வழிவிட்டது. மருத்துவர்தான் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

ஜாஸ் இசைக்குள் நான் நுழைந்ததும் ஐயத்தின் வழியாகவே. என் ஒரே மகன் குமரன் பதினாறாம் வயதில் பழைய இசைத்தட்டுகளை வாங்கி வரத் தொடங்கினான். பழந்தட்டுக் கடைகள் இருக்கும் தெருவைப் பற்றி நல்ல பேச்சு இல்லை. ஆகவே அவன் பள்ளிக்குச் சென்றபின் ஒவ்வோர் அட்டையாகத் திறந்து, உள்ளே வேறெதையேனும் மறைத்திருக்கிறானா என்று தேடினேன், முகர்ந்தும் பார்த்தேன். பழங்காகிதத்தின் வாசனை தவிர ஒன்றுமில்லை. அதன்பின் ஐயம் தட்டின் மேலேயே திரும்பியது. இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒன்றைச் சுழலவிட்டேன்.

பண்ணோடு ஓதிப் பழகிய செவிக்கு முதலில் அது பிழையாகவே பட்டது. ஒரு மெட்டைப் பிடித்தார்கள். இரண்டே நிமிடத்தில் தொலைத்தார்கள். பின் ஆளுக்கொரு திசையில் தேடப் போனார்கள். இவர்கள் திரும்பி வரப்போவதில்லை என்று நான் உறுதியாக இருந்த கணத்தில், நால்வரும் ஒரே அடியில் புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றார்கள். ஏதோ சூழ்ச்சி என்று மறுபடியும் கேட்டேன். மூன்றாம் முறை கேட்கும்போது, திருமுல்லைவாயில் கோயிலில் எனக்கு ஓதக் கற்பித்த ஓதுவார் நினைவுக்கு வந்தார். விருத்தம் பாடும்போது தாளத்தை விட்டுவிடுவார். இறைவனின் பெயரை எட்டு விதமாக அழைத்துப் பார்த்து, ஒன்பதாவது விதமாக ஒன்றும் சொல்லாமல் நிற்பார். அந்தத் தட்டில் சாக்சபோன் ஊதியவர் அதே இடத்தில் அதே போல் நின்றார். நான் எழுந்து கதவைத் தாழிட்டேன். மனைவி பார்த்தால் என்ன நினைப்பாள் என்ற அச்சம்.

இசைத்தட்டு, ஐயப்படுகிறவனுக்கென்றே படைக்கப்பட்ட பொருள். விளிம்பை மட்டும் பிடித்து, சாளரத்து வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் உண்டா, வளைவு உண்டா என்று பார்க்கலாம். வரிகள் முடிந்து நடுச்சீட்டு தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தில், எந்த அச்சிலிருந்து எடுத்தது என்பதைக் காட்டும் எண்ணும் எழுத்தும் ஊசிமுனையால் கீறப்பட்டிருக்கும். அட்டையை மாற்றி ஏமாற்றுவோர் உண்டு. அந்தக் கீறலை மாற்ற ஒருவராலும் இயலாது. ஊசியை இறக்கினால், வாணலியில் எண்ணெய் காய்ந்து வரும்போது கேட்குமே, அப்படியொரு மெல்லிய பொரிவு முதலில் எழும். அதன் பின்னாலிருந்து ஆட்கள் வருவார்கள்: கட்டைக் குரலில் பேசும் பெரிய தந்தி வாத்தியம், பியானோ, முரசின் மேல் தேயும் கம்பித் துடைப்பம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். பூசைபோல் அதற்கும் நம் உடம்பு வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் ஓடும் பாட்டை நான் நம்பாமைக்கு அது ஒரு காரணம்; அதை நிறுத்தாமல் இறந்துபோகவும் முடியும்.

குமரனுக்குப் பதினேழு வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் துறைமுகத்தை ஒட்டிய சிற்றரங்குக்கு என்னை அழைத்துச் சென்றான். நான்கு பேர் வாசித்தார்கள். ஒரு கட்டத்தில் மற்ற மூவரும் கைகளை எடுத்துவிட, பெரிய தந்தி வாத்தியக்காரர் மட்டும் தனியே போய், ஒரு சுரத்தில் நின்றார். நூறு டச்சுக்காரர்கள் மூச்சடக்கி இருந்த அந்த மௌனத்தில் என் வாய் தானாகத் திறந்து, “சிவ சிவ!” என்றது. அடுத்த நொடி குமரன் என் தொடையை அழுத்தி, “அப்பா! ரெக்கார்டு பண்றாங்க!” என்றான்.

உண்மையிலேயே பதிவு செய்துகொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு சிறு நிறுவனம் அதைத் தட்டாகச் சில நூறு படிகள் வெளியிட்டது. இரண்டாம் பக்கம், முதல் உருப்படி: தந்தி நிற்கிறது, என் ‘சிவ சிவ’, என் மகனின் குரல். ஒரு வாரம் அவன் நண்பர்களைப் பார்க்க நாணினான். பிறகு ஒரு தட்டை வாங்கி வந்து என் மேசைமேல் வைத்தான். சில ஆண்டுகளில் நிறுவனம் அதை மறுபடி அச்சிட்டு, கூட்டத்தின் இரைச்சலை நீக்கித் தூய்மையாக்கியதாகப் பெருமைப்பட்டுக்கொண்டது. நீக்கப்பட்ட இரைச்சல் நாங்கள்தான்.

குமரன் இப்போது நெதர்லாந்தின் வட கோடியில் வேறொரு நகரில் இருக்கிறான். என் மனைவி மறைந்தபோது எங்கள் வீட்டின் தமிழும் அவளோடு போய்விட்டது. மாதம் ஒருமுறை பேசுவான்; நான் தமிழில் கேட்பேன், அவன் டச்சில் பதில் சொல்வான்; சில மாதங்களில் நானும் டச்சுக்கு இறங்கிவிட்டேன். சண்டை ஒன்றுமில்லை. சண்டையாயிருந்தால் சமாதானம் என்று ஒன்று இருந்திருக்கும். அவன் பேசிய தமிழில் என் கையில் மிஞ்சியவை அந்தத் தட்டில் உள்ள மூன்று சொற்கள். அவற்றுள்ளும் ஒன்று ஆங்கிலம்.

3

அம்பத்தூரில் தட்டுக் கேட்க வழி செய்தவன் கன்னியப்பன். வானகரத்தில் பிறர் கழனியில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவன். இன்று தொழிற்பேட்டையின் பின்தெருவில் சொந்தப் பட்டறை, மேலே வீடு. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு அருகே ஒரு காயலாங்கடையில் நான் கண்டெடுத்த இசைத்தட்டுச் சுழல்பெட்டியின் மோட்டார்க் கப்பி தேய்ந்திருந்தது. புதுக் கப்பியைப் பித்தளையில் கடைந்து கொடுத்தான். சாக்சபோனை அதற்குமுன் கேட்டறியாதவன், அரை நிமிடம் கேட்டுவிட்டு, “சுத்து கம்மியா கீது சாமி. அந்தாளு ஊதறது இழுத்துகினு வருது பாரு” என்றான். அளந்தேன்; கம்மிதான். இரண்டாவது கடைந்தான், அதையும் ஒதுக்கினேன்.

“ரிடையர் ஆயிட்டன்னு தானே சொன்ன? இன்னும் இன்னா ரிஜெக்ட்டு?”

மூன்றாவது சரியாக அமைந்தது. அன்றுமுதல் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து கேட்பான். கம்பித் துடைப்பத்தால் முரசைத் தேய்ப்பவர் அவனுக்கு ‘அரிசி பொடைக்கிறவரு’. சாக்சபோன்காரர், ‘ஊட்ல சண்ட போட்டுகினு வந்தவரு’. குமரனின் குரல் வரும் இடத்தை மட்டும் பகடி செய்யமாட்டான். அது வருமுன் ஒரு விரலை உயர்த்துவான்; வந்து போனபின் இறக்குவான்.

அந்தத் தட்டு அவனிடம் போய்ச் சேர்ந்தது என் ஐயத்தாலேயே. ராட்டர்டாமில் என் குடியிருப்பில் குழாய்களை மாற்றப்போவதாகவும், நான் இல்லாதபோது மாற்றுச் சாவியால் பணியாளர் நுழைவார்கள் என்றும் கடிதம் வந்தது. அந்நியர் கையில் அதை விட்டுவர மனமின்றி, சென்ற பயணத்தில் கைப்பையில் வைத்து எடுத்து வந்தேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“பழைய பாட்டா சார்?”

“பாட்டு இல்லை. ஊதுவது.”

“ஊதறதுக்கா சார் இவ்வளவு பத்திரம்?” என்று திருப்பித் தந்தார். தட்டின்மேல் அவர் விரல் பட்டதா என்று வீடுவரை எனக்குக் கவலை.

பிப்ரவரியில் திரும்பும் நேரத்தில், குழாய் வேலை தள்ளிப்போயிற்று என்று இன்னொரு கடிதம். ஆகவே தட்டையும் சுழல்பெட்டியையும் கன்னியப்பனிடம் ஒப்படைத்தேன். இவ்வுலகில் நான் அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே மனிதன் அவன். வெயில் படக்கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், எவருக்கும் இரவல் தரக்கூடாது என்றேன். “எவருக்கும்” என்று நான் அழுத்தியதற்குக் காரணம் இருந்தது. வானகரம் அடுக்ககத்தில் வசிக்கும் மென்பொருள் இளைஞர் ஒருவர், தட்டுச் சேகரிப்பவர், காயலாங்கடைக்காரர் சொல்லி என்னைத் தேடி வந்திருந்தார். முதல் அச்சு என்றறிந்ததும், “இத எனக்குக் குடுத்துடுங்களேன் அங்கிள்” என்று கேட்டார். மறுத்தேன். விடைபெறும்போதும் அவர் பார்வை அட்டையை விட்டு விலகவில்லை.

4

அக்டோபர் முதல் கன்னியப்பன் தொலைபேசியில் அகப்படவில்லை. அவன் மனைவி சரோஜாதான் எடுப்பார்.

“குளிச்சிகினு கீறாரு சாமி.”

பத்து நாளில் நான்கு முறை அவன் குளித்துக்கொண்டிருந்தான். ஒரு லேத் பட்டறைக்காரன் அவ்வளவு குளிக்கமாட்டான் என்று ராட்டர்டாமில் அமர்ந்து கணக்கிட்டேன்.

டிசம்பரில் நான் வந்து இறங்கிய மறுநாள் காலை அவனே தட்டையும் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தான். காபி வேண்டாமென்றான், நின்றபடியே போய்விட்டான். அன்று மாலை ஊசியை இரண்டாம் பக்கத்தில் இறக்கினேன். தந்திக்காரர் தனியே போனார், நின்றார், மௌனம். பிறகு பியானோ வந்தது. இடையில் நான் இல்லை. என் மகனும் இல்லை.

முதலில் என் செவியைத்தான் ஐயுற்றேன். செவிக்கருவியை மாற்றிப் பொருத்தி மீண்டும் கேட்டேன். பொரிவுகூட இல்லாத, கழுவிவிட்ட மௌனம். தட்டை எடுத்து நடுவெற்றிடத்தை உருப்பெருக்கியால் பார்த்தேன். எண்ணுக்குப் பின் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது: மறுஅச்சு. அட்டை என்னுடையது, மூலையில் என் கையொப்பத்தோடு. உள்ளே இருந்தது வேறொருவர் பொருள்.

மறுநாள் பூந்தமல்லி காயலாங்கடைக்குப் போய், எதையோ தேடுபவன்போல் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரர் தாமாகவே சொன்னார்: “உங்க கன்னியப்பனும் அந்த ஐ.டி. தம்பியும் இப்ப ரொம்ப தோஸ்து சார். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து தட்டப் பத்திப் பேசிகினு இருந்தாங்க.”

அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? நான்கு நாள் காலையில் பதிகம் ஓத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் திரும்பி வர வேண்டிய அந்த ஒரே அடி, ஐந்தாம் பாட்டுக்குமேல் வாயில் வரவில்லை. ஐம்பது ஆண்டாக ஓதும் அடி. நண்பனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே இறைவனைத் தலைவன் என்று அழைக்க நாவுக்குக் கூசியது போலும். ஆயினும் நினைப்பதை நிறுத்த என்னால் முடியவில்லை. அவனை நேரே கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டால் பொய் சொல்வான். அந்தப் பொய்யை நான் கேட்க நேரும். பரிசோதகன் பொருளிடம் கேள்வி கேட்பதில்லை, அளந்து பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை கணவன் மனைவி இருவரையும் மதிய உணவுக்கு அழைத்தேன்.

5

உண்டு முடித்ததும் சுழல்பெட்டியைத் திறந்தேன்.

“உட்காரு கன்னியப்பா. ரெண்டாம் பக்கம் கேக்கலாம்.”

“மொத பக்கம் போடேன் சாமி. அதான் ஜோரா கீது.”

“ரெண்டாம் பக்கம்.”

“மணி ஆவுதே. சரோ, பட்டறையில ஒரு வேல...”

“ஞாயித்துக்கெழம பட்டறையில இன்னா வேல?” என்றார் சரோஜா. “குந்து.”

அமர்ந்தான். ஊசி இறங்கியது. அரிசி புடைப்பவர் வந்தார், சண்டை போட்டவர் வந்தார். கன்னியப்பனின் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தந்திக்காரர் தனியே புறப்பட்டார். நான் தட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தேன். சுரம் நின்றது. மௌனம்.

கன்னியப்பன் கண்களை இறுக மூடி, இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து, கூரை அதிர, “சிவ சிவா!” என்றான். உடனே, அடுத்த குரல் வரவேண்டிய இடம் முழுவதையும் நிரப்பி, குடல் அறுந்ததுபோல் இருமினான்.

ஊசியை எடுத்தேன்.

“அது நான் சொல்ல வேண்டியது.”

“பக்தி சாமி. தானா வந்துச்சி.”

“இருமலும் தானா வந்ததா?”

“யோவ்,” என்று சரோஜா அவன் தோளில் தட்டினார், “நீ சொல்றியா, நான் சொல்லட்டா? ரெண்டு மாசமா எனக்கும் சேத்து நிம்மதி போச்சி.”

அவன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். நான்கு நாளாக நாவில் ஊறிய சொல். “அந்த வானகரத்துப் பையனுக்குத்தானே வித்தே?”

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். ஓர் உருளையை நான் ஒதுக்கும்போது அவன் சிரிப்பான், திட்டுவான், பதிலுக்கு என் கருவியைக் குறை சொல்வான். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“வித்தனா?” என்றான். “இன்னா கேட்ட சாமி? வித்தனாவா?”

எழுந்தான். செருப்பை மாட்டினான். கீழே அவன் ஸ்கூட்டர் கிளம்பும் ஓசை கேட்டது.

சரோஜா போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து அமர்ந்தார்.

“நல்லா கேட்ட சாமி. உன் புள்ள கொரலுக்கு அந்தாளு பொட்டு வெச்சாரு. நீ வித்தியான்ற.”

ஆயுதபூசை அன்று நடந்ததை அவர் சொன்னார். பட்டறையில் எல்லா எந்திரங்களையும் கழுவித் துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் இட்டிருக்கிறார்கள். கன்னியப்பன் மாடியிலிருந்து என் சுழல்பெட்டியையும் தட்டையும் இறக்கி வந்து, லேத்துக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு வைத்திருக்கிறான். “இரும்புக்கு வெச்சிட்டு, கொழந்த கொரலு கீற எடத்துக்கு வெக்காம வுட்டா சாமி குத்தம் ஆவாதா?” என்றானாம். எங்கே வைப்பது என்று நெடுநேரம் யோசித்திருக்கிறான். நடுவில் இருப்பது காகிதச் சீட்டு. சந்தனம் பட்டால் ஊறிக் கிழியும், நான் கத்துவேன். ஆகவே காகிதத்தைக் கவனமாக விலக்கி, கருந்தட்டின் மேல், அதுவும் குமரன் குரல் வரும் பக்கத்தைக் கேட்டறிந்து, சரியாக அந்த இடத்தில், நீரில் குழைத்த திருநீற்றை மூன்று விரலால் இழுத்து, நடுவே சந்தனமும் குங்குமமும் இட்டான்.

“லேத்து மரையிலேயே வருசா வருசம் வெக்கிறோம், துடச்சா பூடுது. இதுவும் பூடும்னு நெனச்சிட்டாரு.”

அப்போதே துடைத்திருந்தாலும் போயிருக்கும். ஆனால் பூசையில் வைத்த பொருளை மறுநாள் விசயதசமி வரை தொடலாகாது. அது அவன் எனக்காகவே கூடுதல் கவனத்தோடு காத்த விதி. ஒரு பகலும் ஓர் இரவும் அது வரிகளுக்குள் இறங்கிக் காய்ந்து இறுகியது. ஈரத்துணியால் துடைத்திருக்கிறான். துடைக்கத் துடைக்க உள்ளே போவதைக் கண்டு நிறுத்தியிருக்கிறான். பிறகுதான் வானகரத்து இளைஞரைத் தேடிப் போய், எங்கிருந்தாவது இதேபோல் ஒன்று வரவழைத்துத் தரும்படி கெஞ்சினான். வந்ததைப் போட்டுக் கேட்டபோது அதில் குரல் இல்லை.

“அன்னிலேர்ந்துதான் குளிக்கிறாரு,” என்றார் சரோஜா.

கீழே ஸ்கூட்டர் நின்றது. கன்னியப்பன் படியேறி வந்து, புதுத்துண்டில் சுற்றியிருந்த என் தட்டை என் மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றான்.

6

தட்டின் வெளிப்புறப் பட்டையில் மூன்று வெண்கீற்றுகள், அவற்றின் நடுவே வட்டமாகச் சந்தனம், சந்தனத்தில் குங்குமம். என் பரிசோதகக் கண் அதை ஒதுக்கியது. ஆனால் சினத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. திருநீறு அணிந்த ஒன்றைக் கண்டால் கைகூப்பிப் பழகியவன் நான். கைகூப்பவும் இல்லை, கடியவும் இல்லை. சினம் கொள்வதற்கு ஏற்ற ஒரே பொருளாக அறையில் மிஞ்சியவன் நானே.

“கன்னியப்பா, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன்” என்றேன். சொல்லும்போதே அது அரசாங்கக் கடிதம்போல் இருந்தது.

“வுடு சாமி. நீ ரிஜெக்ட் பண்ணாதது இன்னா கீது?” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. “கொரலு போச்சா, அத மட்டும் சொல்லு.”

அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவன் ஒருவன்தான். அங்கே அப்போது முற்பகல். மாதத்துக்கு ஒருமுறை என்ற வழக்கத்தை மீறி நான் அழைத்ததால், திரையில் தோன்றிய குமரனின் முகம் முதலில் என் உடல்நலத்தை ஐயுற்றது. டச்சில் விளக்கினேன். சந்தனக் குழம்புக்கு அம்மொழியில் நான் சொன்ன சொல் அவனுக்கு விளங்கவில்லை. யார் பூசினார், எதற்குப் பூசினார் என்று அவன் கேட்கக் கேட்க நான் குழறினேன். கன்னியப்பன் பொறுக்கமாட்டாமல் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டான்.

“நைனா குமரா! நான் கன்னியப்பன் மாமா. நாந்தான் வெச்சேன். இன்னா பண்ணா போவும், அத சொல்லு.”

குமரன் திகைத்தான். கன்னியப்பனுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அவன் நினைவுக்கு வர ஒரு கணம் ஆயிற்று. அவன் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

“மாமா... எப்படி இருக்கு? இருக்கீங்க?”

“நான் நல்லா கீறேன். உங்கப்பன் தட்டுதான் படுத்துகினு கீது.”

“தண்ணி... குழாய் தண்ணி வேணாம். அது... பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. இருக்குதா?”

“பட்டறையில கேன் கேனா கீது!”

“சாஃப்ட் பிரஷ். மெல்ல. குறுக்கே வேணாம். வட்டமா... கோடு எப்படி போவுது, அப்படி.”

“மரை போற வழியா. அத சொல்லு! புரிஞ்சிபோச்சி.”

“ஒரே நாள்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சம். முழுசா போற வரைக்கும் ஊசி வெக்காதீங்க. வெச்சா... செத்துடும்.” பிறகு அவன் சிரித்துவிட்டான். “மாமா, தட்டுக்கு எதுக்கு பொட்டு?”

“தட்டுக்கு யார்ரா வெச்சா? உன் கொரலுக்கு வெச்சேன்.”

“அதுவா,” என்றான் குமரன். “அப்பா இன்னும் அத கேக்கறாரா?”

நான் அறையின் மறுகோடியில் அமர்ந்து, இந்தத் தமிழை ஐயத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். வேற்றுமையுருபுகள் உதிர்ந்து, மரியாதை ஒரு சொல்லில் வந்து மறுசொல்லில் போய், ஓடிக்கொண்டிருந்தது அது. ஒரு வாரத்துக்குமேல் தாங்காது என்று எண்ணினேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் குமரனே அழைத்தான். அதற்கு மறுநாளும். கன்னியப்பன் பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்துவிடுவான். கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைப்போம். அவன் நீரைச் சொட்டவிட்டு, மரை போகும் வழியே தேய்ப்பான், குமரன் அங்கிருந்து, “மெல்ல மாமா, மெல்ல!” என்று அலறுவான். மூன்றாம் நாள் சரோஜாவிடம் என்ன குழம்பு என்று கேட்டான். நான்காம் நாள் என்னிடம் திரும்பி, “அப்பா, இந்த கோட்டுக்குத் தமிழ்ல என்ன?” என்றான். நான் ‘வரிப்பள்ளம்’ என்றேன். கன்னியப்பன், “காடின்னு சொல்லு நைனா, அவரு சொல்றத சொன்னா பல்லு பேந்துடும்” என்றான். ஐந்தாம் நாள் வெண்கீற்றுகள் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்தன. சந்தனம் இருந்த இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வளையம்.

ஏழாம் நாள், அழைப்பு வருமுன் தட்டைச் சாளரத்தருகே கொண்டுபோய் உருப்பெருக்கியை வைத்தேன். காடிகளின் அடிவரை பார்த்தேன். தட்டைத் திருப்பி, வேறு கோணத்தில் ஒளியை விழச்செய்து, மறுபடி பார்த்தேன். துகள் இல்லை. கன்னியப்பன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். அவன் கண்ணும் என் கண்ணுக்குக் குறைந்ததல்ல. மூன்று மணி அடித்தது, கைப்பேசி ஒலித்தது.

“மாமா, போயிடுச்சா?”

“எங்க நைனா,” என்றான் கன்னியப்பன், தட்டைத் துண்டால் மூடியபடி. “இன்னும் உள்ளாற ஒட்டிகினுதான் கீது. நாளிக்கும் கூப்புடு.”

“நெஜமாவா? நீங்க சொன்னா நம்ப மாட்டேன்,” என்றான் குமரன். திரையில் அவன் புருவம் சுருங்கியது; சிவப்பு மையோடு நின்ற காலத்தில் என் புருவம் அப்படித்தான் சுருங்கும். “அப்பா, நீங்க பாத்து சொல்லுங்க.”

கன்னியப்பன் என் பக்கம் பார்க்கவேயில்லை. நான் துண்டை விலக்கி, உருப்பெருக்கியை எடுத்து, மகன் பார்க்கும்படி நெடுநேரம் குனிந்து பார்த்தேன்.

“ஆமாம்பா,” என்றேன். “இன்னும் இருக்கு.”